கட்டியை எடுத்தாயிற்று, தையலும் பிரித்தாயிற்று. பிறகு எதற்கு இன்னோர் அறுவை?

கேள்வி: எனக்கு 36 வயது. வலது தோள்பட்டைக்குப் பின்பக்கம் ஆறேழு வருடமாகத் தழும்பு போல ஒரு தடிப்பு இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. போன வருடம் அதன் மேல் இரண்டு முண்டுகள் கிளம்பின. கொழுப்புக் கட்டிதான் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். 3 சென்டிமீட்டர் கட்டி. பயாப்சி ரிப்போர்ட்டில் 'டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபெரன்ஸ், சிடி34 பாசிட்டிவ், பக்கவாட்டு விளிம்பிலும் அடி விளிம்பிலும் கட்டி செல்கள் தெரிகின்றன' என்று வந்திருக்கிறது. தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. 5 சென்டிமீட்டர் தழும்பைத் தவிர அங்கே இப்போது ஒன்றும் இல்லை. ஒரு அறுவை நிபுணர் சுற்றி 3 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அன்றைக்கே பக்கத்துத் தோலைத் திருப்பி மூடிவிடலாம் என்கிறார். இன்னொருவர் மோஸ் முறையில் இரண்டு மூன்று நாள் படிப்படியாக எடுக்கலாம் என்கிறார். வீட்டிலோ, மறுபடி கத்தி பட்டால் பரவிவிடும், மாத்திரை இருந்தால் அதைக் கேளுங்கள் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டாவது அறுவை உங்களுக்குத் தேவை. ஆனால் நாளைக்கே ஓட வேண்டியதில்லை. மிக மெதுவாக வளரும் கட்டி இது. தயாராவதற்கு நாலைந்து வாரம் எடுத்துக்கொள்வதால் பாதகம் இல்லை. அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யாமல் அவசரப்பட்டு மேசையில் படுப்பதில்தான் ஆபத்து. மோஸா, அகல வெட்டா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: விளிம்பு முழுவதும் சுத்தம் என்ற ரிப்போர்ட் கைக்கு வரும் முன் காயத்தைத் தோல் திருப்பி மூடப்போகிறார்களா? மூடுவதாக இருந்தால், எந்த முறையானாலும் கொஞ்சம் நில்லுங்கள் என்பேன்.

முதலில் கட்டியைப் பற்றி. இது தோலில் தோன்றும் ஒரு வகைப் புற்றுக்கட்டி. 1924இல் டாரியே, ஃபெராண்ட் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். மறு வருடம் ஹாஃப்மன் இந்த நீளமான பெயரை வைத்தார். மருத்துவர்கள் சுருக்கமாக டிஎஃப்எஸ்பி என்பார்கள். பத்து லட்சம் பேருக்கு வருடத்தில் நாலைந்து பேர் என்ற அளவில் வருகிற அபூர்வ நோய். பெரும்பாலும் 20 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில், மார்பு, முதுகு, தோள் பகுதிகளில் தொடங்கும். பல வருடம் தட்டையான தடிப்பாகவே கிடக்கும்; அப்புறம்தான் முண்டு கிளம்பும். அதனால் தழும்பு, கெலாய்டு, கொழுப்புக் கட்டி என்று பெயர் வாங்கிக்கொண்டு காலம் தள்ளிவிடும். உங்களுக்கு நடந்தது இதில் வழக்கமாக நடப்பதுதான். முதலில் பார்த்தவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எடுத்ததைத் தூக்கிப் போடாமல் பயாப்சிக்கு அனுப்பினாரே, அது பெரிய காரியம்.

இனி, தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். கொழுப்புக் கட்டிக்கு மெல்லிய உறை உண்டு. விரலால் நெம்பினால் முழுசாக வெளியே வந்துவிடும். இந்தக் கட்டிக்கு உறை கிடையாது. தோலின் நடு அடுக்கில் பிறந்து, கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி விரல் விரலாக நீண்டு போகும். கீழே இறங்கினால் கொழுப்புச் செல்களைச் சுற்றிச் சுற்றிப் படர்ந்து தேன்கூடு போல ஆக்கிவிடும். தசைக்கு மேலே போர்த்தியிருக்கும் ஃபேசியா என்ற உறையைத் தொட்டதும் அதை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும். எல்லாத் திசையிலும் ஒரே தூரம் ஓடினால் நமக்கு வேலை சுலபம். ஓடாது. வடக்கே அரை சென்டிமீட்டரில் நின்றுவிட்டு, கிழக்கே 3 சென்டிமீட்டர் போயிருக்கும். மேலே தோல் பளிச்சென்று இருக்கும். தொட்டாலும் ஒன்றும் தட்டுப்படாது. உங்கள் ரிப்போர்ட் சொல்லும் 'விளிம்பில் கட்டி செல்கள்' என்பது இந்த வேர்கள் வெட்டுப்பட்ட இடம். இப்படியே விட்டால் சில மாதத்திலோ சில வருடத்திலோ தழும்புக்கு அடியிலிருந்து மறுபடி கிளம்பும். அப்படித் திரும்பியது தழும்போடு பின்னிக்கொண்டு ஆழமாகப் போயிருக்கும். அதன் எல்லையைக் கண்டுபிடிப்பது முதல் தடவையைவிடக் கடினம்.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை. முதல் வேலை, முதல் அறுவையின் பாரஃபின் பிளாக்கையும் (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டை) கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்கி, மென்திசுக் கட்டிகளில் பழக்கமுள்ள பேத்தாலஜிஸ்ட், அதாவது திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய் சொல்பவர், ஒருவரிடம் மறுபார்வைக்குக் கொடுப்பது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பிளாக்கும் வேண்டும். அவர் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, நோய் இதுதானா என்பது. டெர்மட்டோஃபைப்ரோமா என்ற தீங்கற்ற கட்டி இதைப் போலவே தோன்றும். சிடி34, ஃபேக்டர் 13ஏ என்பவை செல்லில் உள்ள புரதங்கள்; அவற்றைச் சாயம் ஏற்றிக் காண்பார்கள். சிடி34 சாயம் பரவலாகப் பிடித்து, ஃபேக்டர் 13ஏ பிடிக்காவிட்டால் அது டிஎஃப்எஸ்பி பக்கம் சாயும்; தீங்கற்றதில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். சந்தேகம் மிஞ்சினால் ஃபிஷ் பரிசோதனை இருக்கிறது. இந்தக் கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் 17ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போயிருக்கும். ஃபிஷ் தேடுவது அந்த ஒட்டைத்தான். பின்னால் மாத்திரை பற்றிப் பேச்சு வந்தாலும் இதே ரிப்போர்ட் கைகொடுக்கும். இது கட்டிக்குள் மட்டும் ஏற்பட்ட மாற்றம். பரம்பரையாக வந்ததும் அல்ல, பிள்ளைகளுக்குப் போவதும் அல்ல.

இரண்டாவது, கட்டிக்குள் ஃபைப்ரோசார்கோமா மாற்றம் எங்காவது இருக்கிறதா என்பது. செல்கள் நெருங்கி, வேகமாகப் பிளந்து, மீன்முள் போல அடுக்கிக்கொண்டு நிற்கும் பகுதி அது. அந்தப் பகுதியில் சிடி34 மங்கிப்போகவும் கூடும். சாதாரண டிஎஃப்எஸ்பி நுரையீரல் வரை போவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. இந்த மாற்றம் வந்ததில் ஆபத்து பல மடங்கு கூடும். இருந்தால் மார்புக்கு சிடி ஸ்கேன் கட்டாயம், கண்காணிப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசியமில்லை. மூன்றாவது, எந்தப் பக்க விளிம்பில் கட்டி நிற்கிறது என்பது. முதல் அறுவையில் திசைக்கு நூல் குறி வைக்காமல் அனுப்பியிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. அப்போது நாலு பக்கமும் சந்தேகம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எடுங்கள், ஆனால் அதன் வரம்பு தெரிந்து எடுங்கள். கட்டி ஃபேசியாவைத் தொட்டிருக்கிறதா, தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்று ஆழம் சொல்வதில் அது கெட்டிக்காரன். தலைமுடி அளவு வேர்கள் அதில் தெரியாது. அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் வீக்கமும் நீர்க்கோப்பும் கட்டி போலவே வெளிச்சமாகத் தெரிந்து குழப்பும். ஆறு வாரம் போல விட்டு எடுத்தால் படிப்பது எளிது. 'எம்.ஆர்.ஐ. சுத்தம், அதனால் அறுவை வேண்டாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிணநீர் முடிச்சை அக்குள், கழுத்தில் கையால் தடவிப் பார்த்தால் போதும். இந்தக் கட்டி முடிச்சுக்குப் போவது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். முன்னெச்சரிக்கையாக முடிச்சுகளை எடுப்பது தேவையில்லாத வேலை.

இனி இரண்டு நிபுணர்கள் சொன்ன இரண்டு வழிகள்.

முதல் வழி, அகல வெட்டு. தழும்பையும், தையல் துளைகளையும், முதலில் கட்டி இருந்த இடத்தையும் சேர்த்து ஒரு எல்லை வரைந்து, அதிலிருந்து 2 முதல் 4 சென்டிமீட்டர் வெளியே கோடு போடுவார்கள். கோட்டை ஊசி போடுவதற்கு முன்பே போட வேண்டும். மருந்து ஏறினால் தோல் உப்பி அளவு மாறிவிடும். வெட்டியெடுத்த தோல் சுருங்கும், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடக் குறையலாம். ஆகையால் ரிப்போர்ட்டில் விளிம்பு 2.4 சென்டிமீட்டர் என்று வந்தால், 3 விட்டதாகச் சொன்ன அறுவை நிபுணர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். அடியில் ஃபேசியாவையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். கொழுப்போடு நின்றுவிட்டால் பக்கவாட்டில் எவ்வளவு விட்டும் பயனில்லை. உங்களுக்கு அடி விளிம்பிலும் செல்கள் இருப்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எம்.ஆர்.ஐ.யில் தசை தொட்டதாகத் தெரிந்தால் அந்தத் தசையின் மேல் அடுக்கும் கூட வர வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தழும்பும் பழைய கட்டியின் இடமும் சேர்ந்து 5க்கு 3 சென்டிமீட்டர் நீள்வட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி 2 சென்டிமீட்டர் விட்டால் காயம் 9க்கு 7. பரப்பு ஏறக்குறைய 49 சதுர சென்டிமீட்டர். 3 விட்டால் 11க்கு 9. பரப்பு ஏறக்குறைய 78 ஆகிவிடும். கூட விட்ட ஒரே சென்டிமீட்டருக்கு விலை, பாதிக்கும் மேலே கூடுதலான காயம். அப்படியும் கிழக்கே ஓடிய வேர் 3.5 சென்டிமீட்டர் போயிருந்தால் தப்பிவிடும். வடக்கே இரண்டரை சென்டிமீட்டர் நல்ல தோல் வீணாகப் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஆய்வகத்தில் இருக்கிறது. வழக்கமான பரிசோதனையில் துண்டை ரொட்டி அறுப்பது போல அறுப்பார்கள். 9 சென்டிமீட்டர் துண்டை நாலரை மில்லிமீட்டருக்கு ஒன்றாக அறுத்தால் 20 வெட்டு வரும். ஒவ்வொன்றிலிருந்தும் 5 மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் கண்ணாடிக்குப் போகும். 20 சீவலும் சேர்ந்து 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 90 மில்லிமீட்டர் நீளத்தில் நுண்ணோக்கியில் பார்த்தது அவ்வளவுதான். இடையில் நழுவிய வேரை யாரும் பார்த்திருக்க முடியாது. 'விளிம்பு சுத்தம்' என்று ரிப்போர்ட் வந்தும் கட்டி திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாம் வழியான மோஸ் இந்த ஓட்டையை அடைக்கிறது. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃப்ரெடரிக் மோஸ் உருவாக்கிய முறை. கட்டி இடத்தை எடுத்தபின், சுற்றுப்புறமும் அடிப்பாகமும் சேர்ந்து ஒரே தளமாக, கிண்ணம் போல ஒரு மெல்லிய அடுக்கை எடுப்பார்கள். கத்தியைச் சாய்த்து வெட்டுவதால் அந்தக் கிண்ணத்தைத் தட்டையாக அமுக்க முடியும். வெட்டுவதற்கு முன்பே தோலில் கடிகார முள் போலச் சின்னக் கீறல்கள் போட்டுத் திசையைக் குறித்து, வரைபடம் வரைந்து, துண்டுகளுக்கு எண் கொடுத்து, ஓரங்களுக்கு வெவ்வேறு வண்ண மை தடவுவார்கள். பிறகு வெளிப்புறத்திலிருந்து சீவுவார்கள். ஆகவே ஸ்லைடில் தெரிவது விளிம்பின் முழுச் சுற்றும், அடியும். அந்தக் கடிகார வட்டத்தில் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் கட்டி தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு எடுப்பார்கள். மற்ற இடத்தைத் தொட மாட்டார்கள். கட்டி போன திசையில் கத்தி போகும். டிஎஃப்எஸ்பி கோணல்மாணலாக ஓடும் கட்டி என்பதால் இந்த முறை அதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. வெளிவந்திருக்கும் தொகுப்பு ஆய்வுகளில் மோஸ் செய்தவர்களுக்குக் கட்டி திரும்புவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. அகல வெட்டில் அது நூற்றுக்கு ஆறு முதல் ஒன்பது வரை சொல்லப்படுகிறது.

மோஸ் என்ற பெயரைக் கேட்டதும் திருப்திப்பட்டுவிடவும் வேண்டாம். அதிலும் ஒரு இடறல் உண்டு. அடித்தளச் செல் புற்றுக்கு வழக்கமாகச் செய்யும் மோஸில் திசுவை உறையவைத்துச் சீவி அன்றைக்கே பார்ப்பார்கள். டிஎஃப்எஸ்பியின் நூற்கதிர் வடிவச் செல்கள் உறைந்த சீவலில் சாதாரணத் தோல் நார்ச் செல் போலவே தோன்றும். அதுவும் உங்களைப் போலப் புதுத் தழும்பு உள்ள இடத்தில், ஆறும் காயத்தின் செல்லா, கட்டியின் வேரா என்று பழகிய கண்ணும் தடுமாறும். அதற்காகத்தான் 'மெது மோஸ்' என்ற மாற்று. எடுத்த அடுக்கை ஃபார்மலினில் போட்டு, பாரஃபினில் பதித்து, சிடி34 சாயமும் ஏற்றிப் பார்ப்பார்கள். டிஎஃப்எஸ்பி செல் சிடி34ஐப் பிடிக்கும், தழும்புச் செல் பெரும்பாலும் பிடிக்காது. ஒரு சுற்றுக்கு ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். உங்கள் நிபுணர் 'இரண்டு மூன்று நாள்' என்று சொன்னது இதைத்தான் என்று ஊகிக்கிறேன். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: 'உறைந்த சீவல் மட்டுமா, பாரஃபினில் சிடி34ம் பார்ப்பீர்களா?' உறைந்த சீவலில் பார்த்து முடிப்பவர்களில் பலர், கடைசியாக இன்னொரு மெல்லிய அடுக்கு எடுத்துப் பாரஃபினுக்கு அனுப்பி உறுதி செய்வார்கள். அதுவும் நல்ல வழிதான்.

மோஸ் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். அகல வெட்டு செய்பவரிடமே, துண்டின் சுற்றுவிளிம்பையும் அடியையும் முழுசாக உரித்துத் தட்டையாகப் பதித்துப் பார்க்கும்படி ஆய்வகத்தோடு பேசி வைக்கச் சொல்லலாம். தேவை விளிம்பு முழுவதும் பார்க்கப்படுவது. கத்தி பிடிப்பவர் யார் என்பது இரண்டாம்பட்சம். இந்த ஏற்பாட்டை அறுவைக்கு முன்பே அறுவை நிபுணரும் பேத்தாலஜிஸ்ட்டும் தொலைபேசியிலாவது பேசி முடித்திருக்க வேண்டும். துண்டு ஃபார்மலின் டப்பாவில் போய்ச் சேர்ந்த பிறகு பேசிப் பயனில்லை.

இப்போது மூடும் விஷயம். முதல் நிபுணரின் திட்டத்தில் எனக்கு உறுத்துவது 3 சென்டிமீட்டர் அல்ல. அன்றைக்கே பக்கத்துத் தோலைத் திருப்புவதுதான். இப்படித் தோலைத் திருப்பி மூடுவதை ஃபிளாப் என்பார்கள். அதைப் போட வேண்டுமானால் சுற்றியுள்ள தோலை அடியிலிருந்து உரித்து நகர்த்த வேண்டும். ஐந்து நாள் கழித்து '5 மணிப் பக்கம் கட்டி இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தால், அந்த 5 மணி இப்போது எங்கே இருக்கிறது? திருப்பிய தோலோடு அது நகர்ந்து போயிருக்கும். உரித்த தளம் முழுவதும் சந்தேகத்துக்குரிய இடமாகிவிடும். மறுபடி வெட்டும் காயம் முன்னதைப் போல இரண்டு மடங்காகலாம். ஆகவே ரிப்போர்ட் வரும்வரை காயத்தைத் திறந்தே வைக்கலாம். கேட்கப் பயமாக இருக்கும். நடைமுறையில் அவ்வளவு கஷ்டமில்லை. ஒட்டாத கட்டுத்துணி போட்டு ஈரம் காயாமல் வைப்பார்கள். இல்லாவிட்டால் உறிஞ்சு அழுத்தக் கட்டுப் போடுவார்கள். அது காயநீரை இழுத்துக்கொள்ளும், காயத்தையும் சுருக்கும். ஒரு வாரம், பத்து நாள் இப்படி இருப்பதில் தவறில்லை. சுற்றுத் தோலை உரிக்காமல் நேராக இழுத்துத் தைக்க முடிகிற அளவு காயம் சின்னதாக இருந்தால் அன்றே தைப்பதிலும் குற்றமில்லை; திசை மாறாது.

ரிப்போர்ட் சுத்தம் என்று வந்தபின் வழி பல. முதுகுப் பக்கத் தோள் தோல் தடித்தது, இழுவை அதிகம். 9க்கு 7 காயம் வெறும் தையலில் மூடுவது சிரமம். தொடையிலிருந்து 0.3 மில்லிமீட்டர் போல மெல்லிய தோல் சீவி ஒட்டலாம். இடம் சற்றுக் குழியாக, நிறம் மாறித் தெரியும். ஆனால் அடியில் ஏதாவது திரும்ப முளைத்தால் மெல்லிய தோல் வழியே சீக்கிரம் கைக்குத் தட்டுப்படும். தடித்த ஃபிளாப் அதை மறைத்துவிடும். அழகு, வெயில், பை மாட்டும்போது உரசல், இவற்றுக்கெல்லாம் ஃபிளாப் மேல். முதல் தடவை, மாற்றம் இல்லாத கட்டி, விளிம்பு முழுவதும் சுத்தம் என்றால் ஃபிளாப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபைப்ரோசார்கோமா மாற்றம் இருந்தாலோ, முன்பே திரும்பி வந்த கட்டியானாலோ தோல் ஒட்டு பக்கம்தான் என் ஓட்டு.

அறுவைக்கு முன் உங்கள் பங்கு: புகைப்பழக்கம் இருந்தால் நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள், ஒட்டுத்தோல் கருகுவதற்கு அது பெரிய காரணம். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்தவரும் அறுவை செய்பவரும் பேசி முடிவு செய்யட்டும். மோஸ் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியிலேயே முடிந்துவிடும். லிடோகெயினை அட்ரினலின் கலந்து போட்டாலும் ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்ச அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 420 மில்லிகிராம், அதாவது 1 சதவீத மருந்தில் 42 மில்லிலிட்டர். பெரிய காயத்துக்கு இது போதாமல் போகலாம் என்பதால் மருந்தை நீர்க்க வைப்பார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். முன்பு ஊசியில் ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிறகு என்ன கெட்டுப்போகலாம்? தோள் சும்மா இருக்காது. அதுதான் இந்த இடத்தின் தொல்லை. ஒட்டுத்தோல் முதல் ஐந்து நாள் அடித்தளத்தோடு ரத்தநாளம் பிணைத்துக்கொள்ளும் காலம். கையைத் தூக்கினால் ஒட்டு வழுக்கும், அடியில் ரத்தம் தேங்கும், தேங்கிய இடம் ஒட்டாது. கையைத் தூக்குத் துணியில் வைத்திருங்கள். கட்டை முதலில் பிரிப்பது வழக்கமாக ஐந்தாம் நாள் வாக்கில். தொடையில் தோல் எடுத்த இடம் ஆற 10 முதல் 14 நாள். ஒட்டிய இடத்தைவிட அதுதான் அதிகம் வலிக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டால் பயம் வராது. நேர்த் தையலோ ஃபிளாப்போ ஆனால் முதுகுத் தையலை இரண்டு வாரம் வரை பிரிக்க மாட்டார்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் தழும்பு அகலமாகும், சில சமயம் பிளந்தும் போகும். உரித்த தளத்தில் நீர் கட்டுவது சகஜம். குழாய் வைத்திருந்தால் ஒரு நாள் கசிவு ஏறக்குறைய 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்தபின் எடுப்பார்கள். திடீரென்று இறுகிய வலி, வேகமாகப் பெருகும் வீக்கம், நாற்றத்தோடு சீழ், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள். காயம் ஆறியதும் தோள் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபேசியா எடுத்ததால் தசை பலவீனமாகாது. அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிவிடும்.

வெட்டியெடுத்த துண்டில் 'மிச்சக் கட்டி எதுவும் இல்லை' என்று வந்தால், வீணாக வெட்டிவிட்டார்களே என்று நொந்துகொள்ளாதீர்கள். வெட்டாமல் அதைத் தெரிந்துகொள்ள வழி கிடையாது.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்துக்குப் பதில்: பரவாது. அரைகுறையாக எடுத்து விட்டால் அதே இடத்தில் வளரும். அதைப் பார்ப்பவருக்குக் கத்தியால் பரவியது போலத் தோன்றுகிறது. உங்கள் வீட்டாரின் பயத்துக்கு ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை: திரும்பத் திரும்ப அரைகுறையாக வெட்டப்பட்டுத் திரும்பி வரும் கட்டிகளில்தான் கெட்ட மாற்றமும், நுரையீரலுக்குப் போவதும் அதிகம் காணப்படுகின்றன. அதைத் தடுக்கத்தான் இரண்டாவது தடவையே சரியாக முடிக்கச் சொல்கிறேன்.

மாத்திரை இருக்கிறது. பெயர் இமாட்டினிப். ஒட்டிய அந்த மரபணு, கட்டிச் செல்லை 'வளர், வளர்' என்று ஓயாமல் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. இமாட்டினிப் அந்தத் தூண்டலை வாங்கும் இடத்தை அடைக்கிறது. அறுவை செய்ய முடியாத, திரும்பி வந்த, அல்லது பரவிய டிஎஃப்எஸ்பிக்கு 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை அனுமதித்தது. அளவு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம். மரபணு ஒட்டு இல்லாத கட்டியில் பலன் எதிர்பார்க்க முடியாது. ஃபிஷ் ரிப்போர்ட் தேவைப்படுவது அதனால்தான். கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு வரும். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். கண், மூக்கு அருகே பெரிதாக வளர்ந்த கட்டியைச் சில மாதம் சுருக்கிவிட்டுப் பிறகு அறுக்கவும் இதைப் பயன்படுத்துவார்கள். உங்கள் நிலைமையில் மாத்திரை அறுவைக்கு மாற்று ஆகாது. கட்டி சுருங்கும், ஆனால் வேர் திட்டுத்திட்டாக உயிரோடு இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் எழும்பும். தோளில், வெட்டியெடுக்க வசதியான இடத்தில், குணமாகக்கூடிய கட்டியை வைத்துக்கொண்டு மாத்திரை தின்பதை நான் ஒப்ப மாட்டேன்.

கதிர்வீச்சு, இனி வெட்ட முடியாது என்ற நிலையில் விளிம்பில் செல்கள் மிஞ்சினால் வரும். 50 முதல் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை, ஐந்தாறு வாரங்களில் பிரித்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு இன்னும் வெட்ட இடம் இருக்கிறது. ஆகையால் இப்போதே கதிர்வீச்சு என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். வழக்கமான கீமோவுக்கு இதில் பெரிய வேலை இல்லை.

கண்காணிப்புக்கு வருகிறேன். திரும்பும் கட்டிகளில் பெரும்பாலானவை முதல் மூன்று வருடத்தில் வருகின்றன. அதனால் அந்த மூன்று வருடமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், பிறகு வருடம் ஒருமுறை. பத்து வருடம் கழித்துத் திரும்பியதும் உண்டு என்பதால் ஐந்தாம் வருடத்தோடு போகாமல் நின்றுவிட வேண்டாம். இடையில் மாதம் ஒருமுறை குளித்த பின் தழும்பின் முழு நீளத்தையும், அதைச் சுற்றி நாலு விரல் அகலத்தையும் விரல் நுனியால் அழுத்தித் தடவிப் பாருங்கள். முதுகுப் பக்கம் என்பதால் உங்கள் கை எட்டாது. வீட்டில் ஒருவரைப் பழக்கிவிடுங்கள், எப்போதும் அதே ஆள் பார்ப்பது நல்லது. தழும்பு முதல் ஆறு மாதம் கடினமாகத்தான் இருக்கும். பிறகு மெல்ல மெல்ல இளகும். இளகிய தழும்பில் புதிதாகப் பட்டாணி அளவு கடினம் தட்டுப்பட்டால், அல்லது ஊதா, பழுப்பு நிறத்தில் தடிப்புத் தெரிந்தால், அது தையல் முடிச்சாக இருந்தாலும் இருக்கட்டும், பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பயாப்சி கொழுப்பு வரை ஆழமாக எடுத்ததாக இருக்க வேண்டும். மேலோட்டமாகச் சுரண்டியெடுத்தால் தழும்பு என்றே ரிப்போர்ட் வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே: முதல் அறுவை நடந்த இடத்துக்குப் போய் பாரஃபின் பிளாக்கைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். காரின் முன்பக்கத்தில் வெயில் படும்படி வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.